கான்டெசாவுக்கு முழங்கால் வலி!

சென்னையின் மேற்குப் பக்கத்தைச் சுற்றிக் காட்ட டூரிஸ்ட் பஸ் கிடையாது. கம்பெனி பஸ்தான் உண்டு. பாடி, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று நீளும் இந்தப் பிரதேசத்துக்கு யாரும் ஹனிமூன் வருவதில்லை. ஷிஃப்டுக்கு வருவார்கள். ஓவர்டைம் இருந்தால் கூடக் கொஞ்ச நேரம் தங்குவார்கள்.

ஆனால் ஒன்று. நாட்டின் எந்த மூலையிலாவது ஒரு லாரி சடன் பிரேக் போட்டால் பாடிக்குப் புரையேறும். எங்காவது ஒரு பையன் குரங்குப் பெடல் போட்டு சைக்கிள் கற்றுக்கொண்டால் அம்பத்தூருக்குப் புரையேறும். எல்லையில் டாங்கி உறுமினால் ஆவடிக்கு. சக்கரத்தோடு சம்பந்தப்பட்ட சங்கதிகள் இந்தப் பக்கம் அவ்வளவு ஜாஸ்தி. ஒரு பழைய காரின் முன்னங்கால் வைத்தியத்துக்காக இந்த ஏரியாவை ஒரு சனிக்கிழமை முழுக்க அளந்தோம், நானும் நண்பனும்.

நோயாளியின் பெயர் கான்டெசா. 1993 மாடல். நண்பனின் அப்பா ஆசை ஆசையாக வாங்கியது.

அமெரிக்காவில் 1964-ல் போன்டியாக் ஜி.டி.ஓ. வந்ததிலிருந்து, நடுத்தர சைஸ் காருக்குள் ராட்சஸ எஞ்சினைத் திணித்த வண்டிகளை 'மஸில் கார்' என்பார்கள். நமக்கு வாய்த்த மஸில் கார், கான்டெசா. பிரிட்டனில் 1970-களில் வாக்ஸால் விக்டர் என்று ஓடிய காரின் வார்ப்பு. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் இதைத் தயாரிக்க ஆரம்பித்தது. நீண்ட பானெட், அகலத் தோள், பார்த்தாலே சல்யூட் அடிக்கத் தோன்றும். பானெட்டைத் திறந்தால் உள்ளே அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சின்! பயில்வான் உடம்புக்குள் பள்ளிக்கூடப் பையனின் இதயம். பிற்பாடு 1800 சி.சி. இசுஸு எஞ்சின் வந்த பிறகுதான் உடம்புக்கேற்ற மூச்சு வந்தது. 2002-ல் உற்பத்தியே நின்றுபோனது.

நண்பனின் வண்டிக்கு இசுஸு எஞ்சின். இதயம் சுகம். முழங்கால்தான் பிரச்னை. ஸ்பீடு பிரேக்கரில் ஏறினால் 'டொக்' என்கிறது. இறங்கினால் 'டொடக்'. திருப்பத்தில் கப்பல் மாதிரி சாய்கிறது. ஆபீஸில் இதைச் சொன்னதுதான் தாமதம், ஆளுக்கொரு பிரிஸ்கிரிப்ஷன் எழுதிவிட்டார்கள்.

ஒன்று: ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்துவிடு. வண்டி தரையோடு படுத்து, சிறுத்தை மாதிரி இருக்கும். இரண்டு: வெளிநாட்டு 'காயில் ஓவர்' செட் போடு. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே குழலாக வரும். உயரத்தை ஸ்பேனரால் கூட்டலாம், குறைக்கலாம். மூன்று: முன்பக்க கிராஸ் மெம்பரையே கழற்றி எறிந்துவிட்டு வேறு காருடையதை வெட்டி ஒட்டிவிடு.

நாலாவதாக அப்பாவின் குரல். "எதை வேணா போடு. எனக்கு முன் சீட். இடுப்புல டிஸ்க் நகர்ந்திருக்கு, ஞாபகம் இருக்கட்டும். அடுத்த மாசம் காஞ்சிபுரத்துல என் தங்கச்சி பேத்திக்குக் கல்யாணம். இந்தக் கார்லதான் போறோம்."

நண்பனின் கையில் மூன்று மாதச் சம்பளம் இருந்தது. மனசு முழுக்க காயில் ஓவரில்தான். பின்னே, இளரத்தம் எங்கேயாவது புஷ்ஷும் நட்டும் வாங்க ஆசைப்படுமா?

* * *

பாடி. 1960-களின் தொடக்கத்தில் லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா என்று வரிசையாக ஆலைகள் வந்து இறங்கிய இடம். பஸ் ஸ்டாப்புக்கே 'லூகாஸ்' என்று பெயர். கண்டக்டர் கூவும்போது ஏதோ லண்டன் ஸ்டேஷனில் இறங்குகிற மாதிரி இருக்கும். சொகுசு பஸ்களுக்கான ஏர் சஸ்பென்ஷனும் வீல்ஸ் இந்தியாவின் தயாரிப்புகளில் உண்டு.

"மாப்ளே, நாமளும் ஏர் சஸ்பென்ஷன் போட்டா?" என்றான் நண்பன்.

"போடலாம். அப்புறம் உங்கப்பா ஜன்னலைத் தட்டி டிக்கெட் கேப்பார்" என்றேன்.

சி.டி.எச். ரோட்டில் மேற்கே நகர்ந்தோம். டொக். டொடக். மண்ணூர்பேட்டை தாண்டி அம்பத்தூர் எஸ்டேட்டில் நுழைந்தால் காற்றிலேயே லேத் எண்ணெய் வாசனை. 1960-களில் தொடங்கிய எஸ்டேட் இது. இப்போது கண்ணாடி போட்ட சாஃப்ட்வேர் கட்டடங்கள் உள்ளே புகுந்துவிட்டன. ஆனாலும் சந்துக்குச் சந்து இன்னும் கடைசல், குரோம் பிளேட்டிங், ரப்பர் மோல்டிங். இங்கே ஒரு உடைந்த பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றால் போதும். "எத்தினி பீஸ் சார்?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள்.

நாங்கள் தேடிப்போனது, எஸ்டேட்டை ஒட்டிய தெருவில் ஒரு தகரக் கூரைப் பட்டறை. மேஸ்திரிக்கு அறுபதுக்கு மேல். அம்பாசடர், ஃபியட், கான்டெசா என்று மூன்று தலைமுறைக் கார்களின் வயிற்றுக்குக் கீழேயே வாழ்ந்தவர். பையன் வங்கி வேலைக்குப் போய்விட்டானாம். "அவனுக்கு கை அழுக்காவறது புடிக்கல. சரி, வுட்டுட்டேன்" என்றார், வருத்தமில்லாத மாதிரி.

வண்டியின் மட்கார்டை இரண்டு கையாலும் அழுத்திச் சட்டென்று விட்டார். அது எழுந்தது, தாழ்ந்தது, மறுபடி எழுந்தது, மறுபடி தாழ்ந்தது. "பார்த்தீங்களா? ஒரு தபா எழுந்து குந்திடணும். இது டான்ஸ் ஆடுது. ஷாக் அப்சார்பர் பூட்ச்சு."

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம் நடத்திவிடுகிறேன். பெஞ்சு மேல் ஏற வேண்டாம், உட்கார்ந்தே கேட்கலாம்.

கான்டெசாவின் முன் சக்கரம் ஒவ்வொன்றையும் இரண்டு கரங்கள் பிடித்திருக்கின்றன. மேலே ஒன்று, கீழே ஒன்று. வெள்ளைக்காரன் இதைக் கோழியின் நெஞ்செலும்போடு ஒப்பிட்டு 'விஷ்போன்' என்றான். நமக்கு உண்டிவில்லின் கவட்டை என்று சொன்னால் சட்டென்று புரியும். கவட்டையின் இரண்டு கால்களும் ரப்பர் புஷ் வைத்து வண்டியோடு மாட்டியிருக்கும். ஒற்றை நுனியில் பால் ஜாயின்ட், அதில் சக்கரம். நடுவே காயில் ஸ்பிரிங் பாரத்தைச் சுமக்கிறது. அந்த ஸ்பிரிங் ஆட ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. நிறுத்துவதுதான் ஷாக் அப்சார்பர் வேலை. அதிர்ச்சியை உறிஞ்சுவது ஸ்பிரிங். ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். பேர் ஒருத்தருக்கு, வேலை இன்னொருத்தருக்கு. ஆபீஸ் மாதிரியேதான்!

மேஸ்திரி வண்டியை ஜாக்கியில் தூக்கி, லோயர் ஆர்முக்கு முட்டுக் கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். ஆடியது. கடப்பாரையை வைத்து நெம்பிக் காட்டினார். கீழ் பால் ஜாயின்ட் பல் விழுந்த வாய் மாதிரி இளித்தது. மேஸ்திரியின் முகம் மாறிவிட்டது.

"இத்த ஓட்டிக்கினா வந்தீங்க? சாவியக் குடுங்க. இது கழண்டுச்சுன்னா சக்கரம் வெளிய மடங்கிக்கும். ஸ்டியரிங் உங்க கையில இருக்கும், வண்டி இருக்காது. இனிமே இது நவுறாது."

நண்பன் சாவியைக் கொடுத்தான். டொக் என்ற சத்தத்தை அவன் இத்தனை நாள் ஒரு தொந்தரவாகத்தான் நினைத்திருந்தான். அந்த முன் சீட்டில்தான் அப்பா உட்காருவார்.

* * *

மேஸ்திரியின் டி.வி.எஸ். 50-ஐக் கடன் வாங்கிக்கொண்டு மேற்கே கிளம்பினோம். மற்ற யோசனைகளையும் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்பதில் நண்பன் உறுதி. டயர் ஆலையின் பெயரைத் தாங்கி நிற்கும் டன்லப் ஸ்டாப், அம்பத்தூர் ஓ.டி., திருமுல்லைவாயில் தாண்டினால் ஆவடி.

ஆவடி என்பது இங்கிலீஷ் எழுத்துக்களின் சுருக்கம் என்று ஒரு கதை உலவுகிறது. கவச வண்டிகளின் டெப்போ என்று விரியுமாம். ஆனால் டாங்கி ஆலை இங்கே வந்தது 1961-ல். காங்கிரஸ் மகாசபை கூடி 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது 1955-ல். அப்போதே இது ஆவடிதான். மகன் பிறந்த பிறகு தாத்தாவுக்குப் பேர் வைக்க முடியுமா?

சஸ்பென்ஷன் பற்றிப் பேச இந்தியாவில் இதைவிடத் தகுதியான ஊர் கிடையாது. இங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி 1965-ல் வெளியே வந்தது. அதற்கு டார்ஷன் பார் சஸ்பென்ஷன். அதாவது, சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் நேரான உருக்குக் கம்பி. பாரம் ஏறினால் கம்பி முறுக்கிக்கொள்ளும், பாரம் விட்டால் திரும்பிவிடும். அட, நம்ம அம்பாசடரின் முன்பக்கத்திலும் இதே டார்ஷன் பார்தான்! டாங்கியும் டாக்ஸியும் ஒருவகையில் சகலைகள்.

பிறகு ஆவடியிலேயே உள்ள சி.வி.ஆர்.டி.இ. ஆராய்ச்சிக்கூடம் அர்ஜுன் டாங்கியை வடிவமைத்தபோது முறுக்குக் கம்பியை விட்டுவிட்டு ஹைட்ரோ கேஸ் சஸ்பென்ஷனுக்குப் போனார்கள். பக்கத்துக்கு ஏழு சக்கரம். எண்ணெய் போய் வாயுவை அழுத்தும். அந்த வாயுதான் ஸ்பிரிங். லேசாக அழுத்தினால் மெத்தை, அழுத்த அழுத்தக் கல். ஐம்பத்தெட்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி, மேட்டில் பள்ளத்தில் ஓடிக்கொண்டே குறிபார்க்க வேண்டுமே! அதற்குத்தான் இந்த ஏற்பாடு. எந்த வேலைக்கு வண்டி என்று தீர்மானித்த பிறகு, சஸ்பென்ஷனைத் தேர்ந்தெடுத்தார்கள். நண்பன் இந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஆவடிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1955-ல் இங்கே தொடங்கிய டியூப் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, நுட்பமான உருக்குக் குழாய்களுக்குப் பேர் போனது. ஷாக் அப்சார்பருக்கும் மோட்டார் சைக்கிள் ஃபோர்க்குக்கும் வேண்டிய குழாய்கள் அதில் அடக்கம். வெளிநாட்டுக் குழலுக்கு ஏங்கிக்கொண்டு உள்நாட்டுக் குழாயின் வாசலைக் கடந்துபோனோம்.

ஆவடியில் ஒரு ஸ்பிரிங் ஆசாமியைப் பார்த்தோம். ஒரு சுற்றை அறுப்பதற்கு அவர் தயார். நான் பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினேன். (பி.காம். படித்தவனுக்கு வகுத்தலாவது வரவேண்டாமா?) வேலை செய்யும் சுற்று எட்டு என்றால், ஒன்றை வெட்டியதும் ஏழு. மிச்ச ஸ்பிரிங் எட்டில் ஏழு பங்காகக் குறைந்துவிடாது. நேர்மாறாக விறைப்பு எட்டு பை ஏழாகக் கூடும். அதாவது சுமார் 14 சதவிகிதம். கம்பியின் கனம் இன்னும் பொல்லாதது. 13 மில்லிமீட்டருக்குப் பதில் 14 போட்டால் விறைப்பு சுமார் 34 சதவிகிதம் எகிறும். கனத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிற வட்டி. கந்து வட்டி தோற்றது!

விறைப்பு கூடினால் என்ன கெட்டுப்போச்சு? மனிதன் நடக்கிற தாளத்தோடு ஒட்டி, நிமிஷத்துக்கு அறுபதிலிருந்து தொண்ணூறு தடவை ஆடுகிற காரில்தான் உடம்பு சுகமாக இருக்கும். பந்தய வண்டிகள் 120-ஐத் தாண்டும். தவிர, ரோல்ஸ் ராய்ஸிலிருந்து அமெரிக்காவுக்குப் போன மாரிஸ் ஆலி என்ற எஞ்சினீயர் 1930-களிலேயே ஒரு சூட்சுமத்தைச் சொல்லிவிட்டார். முன்பக்கம் பின்பக்கத்தைவிட மெதுவாக ஆட வேண்டும். மேட்டில் முதலில் ஏறுவது முன் சக்கரம். தாமதமாக ஏறுகிற பின்பக்கம் சற்று வேகமாக ஆடினால்தான் இரண்டும் ஒன்றாக அடங்கும். முன்பக்கத்தை மட்டும் விறைப்பாக்கினால் வண்டி தலையாட்டி பொம்மை ஆகிவிடும். நகர்ந்த டிஸ்க்கோடு முன் சீட்டில் உட்காருகிற பெரியவருக்கு அது சஸ்பென்ஷன் இல்லை, தண்டனை.

"வேணாங்க" என்றான் நண்பன், ஸ்பிரிங் ஆசாமியிடம்.

* * *

ஆவடியிலிருந்து பருத்திப்பட்டு, காடுவெட்டி வழியாகப் பூந்தமல்லி. டி.வி.எஸ். 50-ன் பின்சீட்டில் இந்த ரோட்டைக் கடப்பவருக்கு சஸ்பென்ஷன் பற்றித் தனியாகப் பாடம் தேவையில்லை. முதுகெலும்பே குறிப்பெடுத்துக்கொள்ளும். வழியில் வந்த ஸ்பீடு பிரேக்கர்களை எண்ணிக்கொண்டே வந்த நண்பன், பாதியில் விட்டுவிட்டான். "தரையோட படுத்த சிறுத்தை இங்க வந்தா வயிறு கிழிஞ்சிடும்டா" என்றான்.

பூந்தமல்லி ஒரு காலத்தில் பூவிருந்தவல்லி. இப்போது பூவைவிட பஸ் அதிகம். மெட்ரோ தூண்கள் வேறு. பெங்களூர் நெடுஞ்சாலையில் இப்படியே போனால் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் வந்துவிடும். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடத்திக்கொண்டிருந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-ல் இங்கே சொந்தமாகத் தடம் போட்டது. காயில் ஓவர் போட்டால் அங்கே ஒரு நாள் கான்டெசாவை விரட்டலாம் என்பது நண்பனின் ரகசியக் கனவு.

பூந்தமல்லியில் ஒரு ஆக்ஸசரீஸ் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பு ஸ்பிரிங், தங்க நிறக் குழல். பார்த்தாலே கழுத்தில் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. நண்பன் அதைத் தொட்ட விதத்தில் அவன் மனைவி இருந்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பாள்.

"யுனிவர்சல் செட் சார். எந்த வண்டிக்கும் சேரும்" என்றான் கடைப் பையன்.

"எங்க வண்டியில ஸ்பிரிங் உக்கார்ற இடம் வேற, ஷாக் அப்சார்பர் போல்ட் வேற. இதைப் போட்டா மொத்த பாரமும் அந்த போல்ட் மேலதானே வரும்? அது தாங்குமா?"

பையன் நல்லவன். ஒரு விநாடி யோசித்துவிட்டு, "அது... நீங்க வெல்டு பண்ணி ஸ்ட்ராங் பண்ணிக்கணும் சார். ஃபிட்டிங்குக்கு கியாரண்டி இல்ல" என்றான்.

விஷயம் அதுதான். பழைய கார்களில் அந்த போல்ட் ஆட்டத்தை அடக்கும் விசைக்காக மட்டும் செய்தது. வண்டியையே அதில் தொங்கவிட்டால் ஒருநாள் விரிசல் விடும். காயில் ஓவர் கெட்ட சாமான் இல்லை. அதற்கென்று மேடை கட்டிய வண்டிக்கு அருமையான சாமான்.

மூன்றாவது யோசனையான வெட்டி ஒட்டுகிற வித்தைக்கு அமெரிக்காவில் ஒரு சரித்திரமே உண்டு. 1974-ல் வந்த மஸ்டாங் 2 என்ற குட்டிக் காரை மஸில் கார் ரசிகர்கள் கேலி செய்தார்கள். ஆனால் அதன் முன் சஸ்பென்ஷன் அடக்கமாக, ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங்கோடு இருந்ததால், அதையே கழற்றிப் பழைய கார்களுக்கெல்லாம் மாட்டினார்கள். அதன் பாணியில் புதிதாகச் செய்தே விற்கிறார்கள். மாறாக, 1965-ன் ஷெல்பி ஜி.டி. 350-ல் செய்த காரியம் சிக்கனமானது. மேல் கவட்டை மாட்டுகிற துளையை ஒரு அங்குலம் கீழே இறக்கினார்கள். அவ்வளவுதான். திருப்பத்தில் டயர் ரோட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. இரண்டு துளை செய்த வேலை!

நம்மூரில் வெட்டி ஒட்டினால் சட்டமும் ஒட்டிக்கொள்ளும். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. இன்னொன்று: 2021-ல் வந்த விதிப்படி, 50 வயது தாண்டி, ஒரிஜினல் உருவத்தோடு இருக்கும் சொந்தக் கார் 'வின்டேஜ்' அந்தஸ்துக்குத் தகுதி பெறும். சேஸியிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. இந்தக் கான்டெசாவுக்கு 2043-ல் ஐம்பது. அன்றைக்கு நண்பனின் மகள் அதற்கு 'வி.ஏ.' நம்பர் பிளேட் மாட்ட வேண்டுமென்றால், இன்றைக்கு இவன் கட்டிங் மெஷினைத் தொடக் கூடாது.

கரையான்சாவடியில் டீ குடித்தோம். நண்பன் டம்ளரைப் பார்த்தபடியே சொன்னான்: "அந்தக் கார்ல ரேஸ் ஓட்டணும்னு எனக்கு ஆசை. ஆனா அந்தக் கார்ல போறது நாலு பேரு."

முடிவு வந்துவிட்டது.

* * *

மேஸ்திரி வாங்கச் சொன்ன லிஸ்டில் தங்க நிறம் எதுவும் இல்லை. நான்கு பால் ஜாயின்ட். புதுப்பேட்டையில் தேடி எடுத்தது. கேஸ் நிரப்பிய ஷாக் அப்சார்பர் ஒரு ஜோடி. வேறு வண்டிக்கானதுதான், மூடிய நீளமும் விரிந்த நீளமும் டேப் வைத்து அளந்து பொருத்தியது. மூடிய நீளம் அதிகமானால் பள்ளத்தில் அதுவே முட்டி உடையும். விரிந்த நீளம் குறைந்தால் சக்கரம் இறங்கும்போது பிய்த்துக்கொள்ளும். ஸ்பிரிங் பழையதே. இரண்டு பக்கமும் உயரம் அளந்து சமம் என்று பார்த்த பிறகு, மேஸ்திரி அதைத் தட்டிக்கொடுத்தார்.

புஷ்தான் விவாதத்துக்குரியது. பாலியூரித்தேன் நீண்ட நாள் உழைக்கும், ஸ்டியரிங் துல்லியமாக இருக்கும். ஆனால் ரோட்டின் ஒவ்வொரு கல்லையும் கையில் கொண்டுவந்து கொடுக்கும். கிரீஸ் வறண்டால் கீச்சிடும். ரப்பர் சீக்கிரம் தேயும், ஆனால் மெத்தை. அப்பாவின் இடுப்பு ரப்பருக்கு ஓட்டுப் போட்டது. எஸ்டேட்டில் ஒரு மோல்டிங் பட்டறையில் சாம்பிள் கொடுத்து வார்த்தோம்.

கடைசி சூட்சுமம் மேஸ்திரியுடையது. புஷ் போல்ட்டுகளை ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கவில்லை. வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் ஏறிய பிறகு முறுக்கினார். "தொங்கும்போது டைட் வெச்சா, எறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கினே நிக்கும். மூணு மாசத்துல கிழிஞ்சிடும். நிக்கிற நெலமையில டைட் வெச்சா, அதுக்கு நிம்மதி." பிறகு அலைன்மென்ட். மொத்தச் செலவு ஒரு மாதச் சம்பளத்துக்குள். மட்கார்டை அழுத்திவிட்டார். எழுந்தது. உட்கார்ந்தது. அடங்கியது. பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருந்த பையனைக் கூப்பிட்டு, அவனையும் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொன்னார்.

கல்யாணத்தன்று விடியற்காலை அம்பத்தூரிலிருந்து கிளம்பினோம். முன் சீட்டில் அப்பா, பட்டு வேஷ்டியோடு. பருத்திப்பட்டு ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினோம். டொக் இல்லை. பூந்தமல்லியில் சிக்னலுக்கு நின்றபோது நண்பன் பெருமையோடு திரும்பி, "எப்படிப்பா இருக்கு சஸ்பென்ஷன்?" என்றான்.

பதில் வரவில்லை. பெரியவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். சன்னமான குறட்டை. சீராக, அவசரமில்லாமல்.

பச்சை விழுந்தது. நண்பன் ஹாரன் அடிக்காமல் கியரைப் போட்டான்.